ரம்பத்தின் மறுமுனை

கல்லேரிக்குப்பத்தில் யார் செத்தாலும், மூன்றாம் நாள் பால் தெளித்த ஈரம் காய்வதற்குள் தனசேகரன் நோட்டும் பேனாவுமாக அந்த வீட்டு வாசலில் வந்து நிற்பான். "எமன் ஆபீசு கிளார்க்கு வந்துட்டாரு, பாய் எடுத்துப் போடுங்க" என்று யாராவது சொல்வார்கள். அழுது வீங்கின முகங்களில்கூட ஒரு சிரிப்பு வந்து போகும். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றி, "சொல்லுங்க, எப்பிடி இருந்தாங்க?" என்று ஆரம்பித்துவிடுவான்.

மற்ற ஊர்களில் காரியப் பத்திரிகை என்றால் செத்தவர் பெயர், தேதி, காரியம் நடக்கும் இடம், கீழே சொந்தக்காரர்கள் வரிசை, அவ்வளவுதான். கல்லேரிக்குப்பத்துப் பத்திரிகையில் உள்பக்கம் ஒன்று கூடுதலாக இருக்கும். அதில் செத்தவர் வாழ்ந்த கதை இருக்கும். பதினாறாம் நாள் பந்தி போடுவதற்கு முன்னால் தனசேகரனே எழுந்து நின்று அதைச் சத்தமாகப் படிப்பான். படிக்கத் தெரியாதவர்கள்தான் ஊரில் ஜாஸ்தி.

மூன்று வருசத்துக்கு முன்னால் சுப்புராயன் செத்தபோது தொடங்கியது அது. எழுபது வயது வரைக்கும் பஸ் ஏறாத மனுசன். ரயில் பார்க்கலாம் வா என்று கூப்பிட்டவர்களோடு சின்னசேலத்துக்கு நடந்தே போய், ஒரு வண்டி வந்து போனதைப் பார்த்துவிட்டு, "அது அதும்பாட்டுக்குப் போவுது, என்ன இன்னாத்துக்குக் கூப்டீங்க" என்று நடந்தே திரும்பியவர். இதை அச்சில் படித்ததும் ஊருக்குத் தாங்கவில்லை. அடுத்து ராஜாம்பாள். கோமுகி அணை கட்டிய காலத்தில் தன் கோழிமேல் லாரி ஏறிவிட்டது என்று நடுரோட்டில் உட்கார்ந்து, வேறு கோழி வரும்வரைக்கும் எழுந்திருக்காதவள். அவள் பிள்ளைகளுக்கே அது பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. பெரியவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் சுற்றினான்.

அப்படிப் பதினோரு பேரை எழுதியிருந்தான் தனசேகரன். பன்னிரண்டாவது பூமாலை.

பூமாலை எதிர்வீட்டு அண்ணி. மரம் அறுக்கிற கொளஞ்சியப்பனின் பெண்டாட்டி. தியாகதுருகம் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். படிப்பு கிடையாது. ஆனால் ஒவ்வொரு பத்திரிகையையும் தனசேகரனை உட்காரவைத்து இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்பாள். கேட்டு முடித்ததும் வம்புக்கு இழுப்பாள்.

"நான் செத்தா இன்னா எழுதுவீங்க கொழுந்தனாரே? சோறாக்குனா, புல்லு அறுத்தா, செத்தா. மூணு வரி. அச்சாபீசு பாய்க்கு மை மிச்சம்."

"அதெல்லாம் ஜாஸ்தி இருக்குதுங்க அண்ணி. எங்கம்மா கொழம்புல உப்பு கம்மின்னு எங்கம்மா மூஞ்சிக்கு நேராவே சொன்ன ஒரே ஆளுன்னு எழுதுவேன்."

"அத எழுதுனா உங்கம்மா என் காரியத்துக்கே வராது."

இது ஆடி மாதத்தில் பேசிய பேச்சு. அப்போது அவளுக்கு ஏழு மாதம்.

புரட்டாசி பிறந்ததும் மறியல் வந்தது. எண்பத்தேழாம் வருசம். படிப்பிலும் வேலையிலும் நம்ம சனத்துக்குத் தனி இடம் வேண்டும், அதற்காக ஒரு வாரம் ஒரு சக்கரம் சுற்றக் கூடாது என்று பேச்சு. தனசேகரனுக்கு இருபத்து மூன்று வயது. விழுப்புரத்தில் பி.ஏ. முடித்து, சர்க்கார் பரீட்சை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் வாசற்படி வரைக்கும் போய்த் திரும்பியவன். ஒரு இடத்தில் உட்காரத் தெரியாத ஆள். மறியல் என்றதும் சாப்பாடு மறந்துவிட்டது. தட்டி எழுதினான், நோட்டீஸ் எழுதினான், ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்தான். ரோட்டை அடைக்க மரம் வெட்ட வேண்டும் என்று வந்தபோது எந்த மரம் என்று சொன்னதும் அவன்தான்.

கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் வாய்க்கால் பாலத்துக்கு ஒட்டினாற்போல ஒரு புளியமரம். அங்கே ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தாண்டை தண்ணீர் கட்டின கரும்புக் கொல்லை. வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. உள்ளூர்க்காரனுக்குத் தெரியும், அந்த மரம் விழுந்தால் ரோடு செத்தது என்று.

கொளஞ்சியப்பன் ரம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தான். இரண்டு ஆள் எதிரெதிரே நின்று இழுக்கிற நீள ரம்பம் அது. அவன் அறுத்தால் அடிக்கட்டை பலகை மாதிரி இருக்கும். கொளஞ்சி அறுத்த கட்டையில் இலை போட்டுச் சாப்பிடலாம் என்று ஊரில் சொல்வார்கள்.

"இது வேணாம் தம்பி. மேட்டாண்ட ஒண்ணு கீது, அத அறுப்போம். அங்கன்னா வண்டி கொல்லையில எறங்கி ஏறிக்கும்."

"போவக் கூடாதுன்னுதானண்ணே வெட்றோம். போலீசு ஜீப்பும் கொல்லையில எறங்காதா?"

"அது சரி. ஒரு ஆத்திர அவசரம்னா?"

"ஒரு வாரம்தாண்ணே. அண்ணிக்கு ஐப்பசியிலதான?"

கொளஞ்சியப்பன் இன்னொரு தடவை மரத்தை அண்ணாந்து பார்த்தான். பிறகு ரம்பத்தை இறக்கினான். "சரி. மறுபக்கம் புடி."

தனசேகரனுக்கு அறுத்துப் பழக்கமில்லை. உள்ளங்கை கொப்புளித்தது. "அமுக்காத, இழு. இழுத்துட்டு வுட்டுடு, நான் இழுக்கறப்போ நீ சும்மா வா" என்று கொளஞ்சியப்பன் சொல்லிக்கொடுத்தான். வெயில் ஏறுவதற்குள் மரம் சாய்ந்தது. விசில் அடித்தார்கள். தனசேகரன் மரத்தின்மேல் ஏறி நின்று கொடி கட்டினான்.

மறியலின் நான்காம் நாள் முற்பகலில் பூமாலைக்கு ரத்தம் போக ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரிக்கென்று மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கூட்டிவந்தார்கள். வண்டி மரத்தருகில் நின்றது. மாட்டை அவிழ்த்து, கயிற்றுக் கட்டிலில் அவளைக் கிடத்தி, அந்தக் கிளைகளுக்குள் நான்கு பேர் தூக்கினார்கள். கட்டிலின் முன்கால் ஒன்றைத் தனசேகரன் பிடித்திருந்தான். மரம் நெஞ்சு உயரம் இருந்தது. கிளை ஒவ்வொன்றாக ஒடித்து வழி பண்ண வேண்டியிருந்தது. ஒரு இடத்தில் கட்டில் சிக்கிக்கொண்டு முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. பூமாலை வெளுத்துப்போன உதட்டோடு அவனைப் பார்த்தாள்.

"பாத்துப் புடிங்க கொழுந்தனாரே. கெளை கண்ணக் குத்திடப் போவுது."

அதுதான் அவள் அவனிடம் கடைசியாகச் சொன்னது. பாலம் தாண்டி, மைல் கல் தெரிகிற தூரத்தில், கட்டில் கனத்துப்போனது. தூக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கையில் தெரிந்தது. கொளஞ்சியப்பன் மட்டும், "நடங்கடா, நடங்கடா" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

திரும்பவும் அதே மரத்தின்மேல் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை சுலபமாக இருந்தது. கிளைகளைப் போகும்போதே ஒடித்திருந்தார்கள்.

வாழ வந்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வராமல் எடுப்பதில்லை. சேதி சொல்ல இரண்டு பேர் நடந்தே கிளம்பினார்கள். வழியில் மறியல்காரர்கள் என்று போலீஸ் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் மத்தியானம் வரைக்கும் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் கொடுத்த புதுப் புடவையைப் போர்த்திப் புதைத்தார்கள். வயிற்றில் இருந்ததும் அவளோடு போயிற்று. மகள் மணிமொழிக்கு ஐந்து வயது. அம்மா எப்போது எழுந்து வருவாள் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. எல்லோரும் அவள் கேட்பாள் கேட்பாள் என்று பயந்துகொண்டே இருந்தார்கள்.

பஸ் ஓட ஆரம்பித்த பிறகு, அவள் செத்த ஒன்பதாம் நாள், பூமாலையின் அண்ணன் இளவரசன் வந்தான். கையில் மஞ்சப் பை. பைக்குள் பச்சைப் புடவை, மாம்பழ நிறக் கரை. அழவில்லை. பையை வைத்துக்கொண்டு ஊர்நடுவில் நின்று கேட்டான்.

"பாலத்தாண்ட மரத்த அறுத்தவன் யாரு?"

முன்வரிசையில் நின்றவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், "வெளியாளுங்கப்பா. யார் யாரோ வந்தானுங்க, போனானுங்க" என்றது. இன்னொரு குரல் அதை ஆமோதித்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தனசேகரனுக்குத் கொப்புளித்த தன் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளத் தோன்றியது. கட்டிக்கொண்டான்.

இளவரசன் கொளஞ்சியப்பனிடம் திரும்பினான். "மாப்ள, உன்ன நான் ஒண்ணும் சொல்லல. நீ தூக்கிக்கினு ஓடுனன்னு சொன்னாங்க. எந்தங்கச்சி புள்ள உங்கிட்டயே இருக்கட்டும். ஆனா அறுத்தவன் இந்த ஊருக்காரன்னு மட்டும் தெரிஞ்சிதுன்னு வெய்யி, அவன் மூஞ்சியில முழிச்சிக்கினு அது இங்க வளரக் கூடாது. நான் கூட்டிக்கினு பூடுவேன்."

கொளஞ்சியப்பன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

லட்சுமியம்மாள்தான் பேச்சை மாற்றினாள். "வயித்துப் புள்ளையோட போனவளுக்குச் சுமைதாங்கி வெக்கணும்பா. அவ எறக்காத சொமையோட பூட்டா. போறவங்க வரவங்க தலச்சொமைய எறக்கி வெச்சி மூச்சு வுட்டாதான் அவளுக்கும் எறங்கும்."

"வெக்கலாம்" என்றான் இளவரசன். "கல்லு நான் எங்க பக்கத்துலேர்ந்து எடுத்தாறேன். பாலத்தாண்டயே வெப்போம். காரியத்தன்னிக்கே."

பூமாலை வீட்டுக்குத் தனசேகரன் நோட்டோடு போகவில்லை. நான்கு எட்டு வைத்தால் எதிர்வீடு. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான். "இன்னாடா ஆச்சி, அவளுக்கு மட்டும் எழுத மாட்டியா?" என்று அவன் அம்மா கேட்டாள். பத்தாம் நாள் காலையில் கொளஞ்சியப்பனே வந்துவிட்டான். கையில் ஒரு கட்டுத் தாள்.

"ஏன் தம்பி வரல?"

தனசேகரன் எழுந்து உட்கார்ந்தான்.

"எல்லாருக்கும் எழுதுன. அவளுக்கும் எழுது. கேட்டுக்கினே இருப்பா."

"எப்பிடிண்ணே எழுதுவேன்? எழுதுனா மரத்தயும் எழுதணும். நான்தான் அறுத்தேன்னு எழுதணும். எழுதிட்டுப் போயிடறேன். எந்த ஜெயிலுக்கு வேணும்னாலும் போறேன்."

"உனக்கு அது சுளுவு" என்றான் கொளஞ்சியப்பன். குரலில் கோபமே இல்லை. "நீ அறுத்தேன்னு சொன்னா அடுத்தது இன்னா கேப்பான்? மறுமுனை யாருன்னு கேப்பான். அந்த ரம்பத்த ஒத்த ஆளு இழுக்கறது இல்ல தம்பி. நீ வாயத் தொறந்தா எம்புள்ள பூடும். எனக்கு இன்னா மிச்சம் கீது, சொல்லு."

வெளியே மணிமொழி கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சொல்ல மாட்டேன்" என்றான் தனசேகரன்.

"சொல்லாத. ஆனா எழுது." கொளஞ்சியப்பன் தாள் கட்டை அவன் முன்னால் வைத்தான். "அரிசிப் பானைக்குப் பின்னால இருந்துச்சி. புள்ள கிறுக்கறதுக்குன்னு பாய்கிட்ட வாங்கிக்கினு வருவா. இதுல இன்னாமோ எழுதிக் கீது. எனக்குத்தான் தெரியாதே. பாரு."

கள்ளக்குறிச்சி அச்சாபீஸில் தப்பாக விழுந்த தாள்கள். பின்பக்கம் வெள்ளை. மணிமொழி வரைந்த மாடு, மணிமொழி வரைந்த பஸ், ஒன்றாம் வகுப்பு அ, ஆ. அதற்கு இடையில், தாளின் ஓரமாக, வேறொரு கை. அழுத்தி அழுத்தி எழுதின கை. பூமா. பூமா. பூமா. பூமா. ஒரு தாள் முழுக்க. சில இடத்தில் பூவின் சுழி தலைகீழாக இருந்தது. கடைசித் தாளில் மூன்றாவது எழுத்துக்கு ஒரு கோடு போட்டு நிறுத்தியிருந்தது.

"இன்னா எழுதிக்கீது?" என்றான் கொளஞ்சியப்பன்.

"அவங்க பேருண்ணே. புள்ளகிட்ட கத்துக்கினு இருந்திருக்காங்க. பாதி வந்திருக்குது."

கொளஞ்சியப்பன் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தலைகீழாகப் பிடித்திருந்தான். தனசேகரன் அதை நேராக்கிக் கொடுத்தான்.

அன்றைக்கே அவன் வீடு வீடாகப் போனான். எல்லோரும் சொன்னார்கள். மழைக்குத் தன்னோடு ஒதுங்கின மலைக்காரக் கிழவிக்குத் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வந்தாள் என்றார்கள். வீட்டுக்கு வந்து, "அடுத்த வாட்டி மழ வந்தா நான் ஒதுங்க மாட்டேம்பா, ஜாஸ்தி செலவாவுது" என்றாளாம். புல்லுக்கட்டு தூக்கிவிட ஆள் இல்லாவிட்டால் வரப்பில் உட்கார்ந்து, கட்டைத் தலையில் சாய்த்து, ஒரு முனகல்கூட இல்லாமல் தானே எழுந்துவிடுவாள் என்றார்கள். பஸ் ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த டிரைவர் என்று சொல்லுவாளாம். தனசேகரனின் அம்மாவே ஒன்று சொன்னாள்: "உப்பு கம்மின்னு சொன்னா. கம்மிதான். எழுதிக்கோ." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ஒருவரும் மரத்தைப் பற்றிச் சொல்லவில்லை. எப்படிச் செத்தாள் என்று வருகிற இடத்தில் எல்லோருக்கும் வேறு வேலை வந்தது. ஒருத்தி அடுப்பைப் பார்க்கப் போனாள், ஒருவர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார்.

கள்ளக்குறிச்சியில் ஜமால் முகமதுவின் அச்சாபீஸில் எழுத்து ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கித்தான் கோர்ப்பார்கள். எல்லாக் காரியப் பத்திரிகையிலும் வருகிற வரிகளை மட்டும் அவர் கலைப்பதில்லை. நூல் போட்டுக் கட்டி அலமாரி ஓரத்தில் வைத்திருப்பார். 'இயற்கை எய்தினார்' என்பது அதில் ஒன்று. தேய்ந்து, மை ஏறிக் கறுத்து, எத்தனையோ ஊர்ச் சாவுக்குப் போய்வந்த வரி.

ஜமால் முகமது கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு தனசேகரன் எழுதியதை முழுக்கப் படித்தார். தாள் கேட்டு வருகிற பெண்ணை அவருக்கும் தெரியும்.

"பின்பக்கம் வெள்ளையா இருக்கறதாப் பாத்துக் குடுங்க பாய்னு நின்னு பொறுக்கிக்கினு போவும் அந்தப் பொண்ணு" என்றார். "புள்ளைக்குன்னுதான் நெனச்சேன்." பிறகு நூலால் கட்டியிருந்த அந்த வரியைக் கையில் எடுத்தார். "இங்க எடம் வுட்டுக் கீறியே தம்பி. எப்பவும் போடறதப் போட்டுடட்டா?"

"வேணாம் பாய்."

"அப்ப இன்னா போட?"

"ஒண்ணும் போடாதீங்க. ஒரு வரி வெள்ளையா வுட்டுடுங்க."

"மிஷின் கோளாறுன்னு சொல்லும் ஜனம்."

"சொல்லட்டும்."

ஜமால் முகமது அவனைப் பார்த்தார். மறியல் நோட்டீஸும் இதே மேஜையில்தான் கோர்த்தது. அன்றைக்கு எழுத்தைப் பெரிசாகப் போடுங்க, இன்னும் பெரிசாகப் போடுங்க என்று இதே பையன் குதித்துக்கொண்டிருந்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "மரம் வெட்டுனவங்க பேரக் கேட்டுக்கினு போலீசு சுத்துது. வாயிருக்குதேன்னு எதையும் வுட்டுடாத" என்று மட்டும் சொல்லி, எழுத்தில்லாத வெறும் ஈயக் கட்டைகளை எடுத்து அந்த இடத்தில் வரிசையாக அடுக்கினார். கட்டின வரியை மறுபடி அலமாரி ஓரத்தில் வைத்தார்.

பதினாறாம் நாள் காலை. வாய்க்காலில் காரியம் முடிந்து எல்லோரும் பாலத்தருகில் கூடினார்கள். புளியமரத்தை அறுத்துத் துண்டு போட்டு அதிகாரிகள் எடுத்துப்போயிருந்தார்கள். அடிக்கட்டை மட்டும் ரோட்டோரத்தில் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் சுமைதாங்கி. இரண்டு கல் நட்டு, தலை உயரத்துக்கு மேலே ஒரு நீளக் கல் படுத்திருந்தது. நட்ட கல்லில் முழுப்பெயரும் வெட்டியிருந்தது. இளவரசன் விடியற்காலையிலிருந்து ஆட்களோடு குழி தோண்டிக் கல்லை நிறுத்தி, களைத்துப்போய் அந்த அடிக்கட்டைமேல் உட்கார்ந்திருந்தான். மடியில் மஞ்சப் பை.

தனசேகரன் பத்திரிகையைப் பிரித்துப் படித்தான். செருப்புக்குச் சிரித்தார்கள். உப்புக்கும் சிரித்தார்கள். பெயர் எழுதிப் பழகினதைப் படித்தபோது வாய்க்கால் ஓடுவது மட்டும் கேட்டது. மணிமொழி மட்டும், "பூவுக்குச் சுழி போடத் தெரியாது எங்கம்மாவுக்கு" என்றாள்.

பிறகு அந்த வெள்ளை இடம் வந்தது.

தாண்டிப் படித்துவிடலாம் என்றுதான் நினைத்து வந்திருந்தான். அடுத்த வரியின் முதல் சொல் கண்ணில் தெரிந்தது. கட்டிலின் கால் மறுபடி கையில் இருப்பது மாதிரி இருந்தது.

"இங்க ஒரு வரி அச்சாவல" என்றான். "அண்ணி செத்தது இந்த மரத்தால. மரத்த வெளியாளுங்க வெட்டல. நான் வெட்டுனேன். இந்த மரந்தான்னு சொன்னதும் நான்தான்."

யாரோ அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். அவன் அம்மாவாக இருக்கலாம். இளவரசன் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டான்.

"எதால?"

"கோடாலியால."

"ஒத்த ஆளாவா?"

"ஆமா. ஒத்த ஆளாத்தான்."

கொளஞ்சியப்பன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றிருந்தான். தனசேகரன் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டான்.

இளவரசன் தான் உட்கார்ந்திருந்த கட்டையைக் குனிந்து பார்த்தான். பிறகு மெதுவாக எழுந்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்துத் தடவினான். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் கை தடங்கல் இல்லாமல் போனது. கோடாலி விழுந்தால் கொத்துக் கொத்தாக இருக்கும். இது பலகை மாதிரி இருந்தது. அவன் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். ஊர்க்காரர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

கொளஞ்சியப்பன் மகளைத் தோளிலிருந்து இறக்கினான்.

"அவன் பொய் சொல்றான் மச்சான். கையப் பாரு அவனுக்கு, கொப்புளத் தழும்பு இன்னும் மறையல. அவனுக்கு அறுக்கவே தெரியாது. இப்பிடி அறுக்க இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு ஆளுதான்." மூச்சு வாங்கினான். "வேணாம்னு சொன்னேன். சொல்லிட்டு அறுத்தேன்."

இளவரசன் கையை ஓங்குவான் என்று இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். அவன் ஓங்கவில்லை. பைக்குள்ளிருந்து பச்சைப் புடவையை எடுத்தான். பதினாறு நாள் தாமதமாகிப்போன கோடி. அதை உதறி, சுமைதாங்கிக் கல்லைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, தலைப்பை மேல்கல்லின்மேல் போட்டான். அது சரிந்து விழுந்தது. மறுபடி போட்டான். பிறகு மணிமொழியிடம் வந்து குந்தி உட்கார்ந்தான்.

"மாமா வூட்டுக்குப் போலாமா?"

மணிமொழி அப்பாவைப் பார்த்தாள். கொளஞ்சியப்பன் வாயைத் திறந்தான். தலையை மட்டும் ஆட்டினான், அன்றைக்கு ஊர்நடுவில் ஆட்டின மாதிரியே.

பந்தி நடந்தது. சாப்பிட்டவர்கள் கம்மி. பத்தரை மணி பஸ்ஸுக்குப் பாலத்திலேயே கை காட்டினான் இளவரசன். ஹாரன் கேட்டபோது, எந்த டிரைவர் என்று சொல்ல ஆள் இல்லை. மணிமொழியின் கையில் அந்தத் தாள் கட்டு இருந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "அப்பா, கோழிய அடச்சிடு" என்றாள். பஸ் கிளம்பியது. மரம் இல்லாத ரோட்டில் அது கொஞ்சம்கூட நிற்காமல் போனது.

கூட்டம் கலைந்தது. புல்லுக்கட்டோடு வந்த ஒருத்தி புடவை சுற்றின கல்லைப் பார்த்து, கட்டை இறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். லட்சுமியம்மாள் ஜாடை காட்டியதும் இறக்கி வைத்து, தலையைத் தேய்த்துக்கொண்டாள். "நல்லாருக்கட்டும்" என்று சொல்லி, கொஞ்ச நேரம் நின்று, தானே தலையைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனாள்.

அடிக்கட்டையின் ஒரு ஓரத்தில் கொளஞ்சியப்பன் உட்கார்ந்திருந்தான். தனசேகரன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா..."

"படி" என்றான் கொளஞ்சியப்பன்.

"இன்னாண்ணே?"

"அவளப் பத்தி எழுதுனதப் படி. மொதல்லேர்ந்து."

தனசேகரன் பத்திரிகையைப் பிரித்தான். செருப்பைப் படித்தான். உப்பைப் படித்தான். புல்லுக்கட்டையும் பஸ் ஹாரனையும் பாதிப் பெயரையும் படித்தான். வெள்ளை இடம் வந்ததும் நிறுத்தினான்.

"அதையும் படி."

தனசேகரன் அச்சாகாத வரியைப் படித்தான். ரம்பத்தின் இந்த முனையை யார் பிடித்தது, அந்த முனையை யார் பிடித்தது, வெயில் ஏறுவதற்குள் மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது, யார் கொடி கட்டியது என்று எல்லாவற்றையும் படித்தான். கொளஞ்சியப்பன் கட்டையைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"அவ எப்பவும் ரெண்டு வாட்டி கேப்பா" என்றான். "மறுபடி படி."